அலமாரிக்குப் பின்னால்

எட்டு வருஷச் சேமிப்பில் முதல் வீடு. ஏமாந்துவிடக் கூடாதென்று கட்டட மேஸ்திரியான தன் அண்ணனைக் கூட்டி வந்தாள் அவள். கணவன் வழியெல்லாம் முணுமுணுத்தான்.

“உங்கண்ணனுக்கு வீடு கட்டத் தெரியும். பார்த்து வாங்கத் தெரியுமா?”

வாசலில் அண்ணன் ஒரு நிமிடம் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார்.

“பாத்ரூம்ல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க மாப்ள. கதவுப் பக்கம்தான் ஓடி வரும்.”

கணவன் ஊற்றினான். பாத்ரூம் வாசற்படியில் நின்ற, வீடு காட்ட வந்த புரோக்கரின் செருப்பு நனைந்தது.

“மொட்டை மாடியில கிழக்கு மூலையில மழைத்தண்ணி தேங்கும். இந்த அலமாரிக்குப் பின்னால சுவரு ஊறியிருக்கும்.”

அலமாரியை நகர்த்தினார்கள். பெயின்ட் உப்பி உதிர்ந்து கிடந்தது.

“நகர்த்தாமலே சொல்லிட்டீங்களே மச்சான்!” கணவன் வாயைப் பிளந்தான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டார்.

“வாய்யா மேஸ்திரி! வீட்டைக் கட்டிக் குடுத்துட்டுப் போனவன், ஆறு வருஷமா போனே எடுக்கல?”

கணவன் மெதுவாகத் திரும்பினான். “வீடு பார்க்க நல்லாத்தான் தெரியுது மச்சான். கட்டத்தான் தெரியல.”

“குறை மூணே மூணுதான் மாப்ள,” என்றார் அண்ணன். “வேற வீடுன்னா எத்தனைன்னு எனக்கே தெரியாது. தைரியமா வாங்குங்க.”

“வாங்கறோம்ணே,” என்றாள் தங்கை. “நீ மூணையும் சரி பண்ணினதும்.”

ஓனர் உள்ளே போய், அண்ணன் அன்று மறந்துவிட்டுப் போன கொத்துக்கரண்டியை எடுத்து வந்து நீட்டினார்.