‘பாஸ்’ என்று எழுதிய வண்டி

சகாயமேரியின் கண்ணெதிரில்தான் அந்தக் கறுப்பு வண்டி அவள் கணவன் லூர்துவை அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. காவல் நிலையத்தில் ஏட்டு பேனா மூடியைக்கூடத் திறக்காமல் கேட்டார், “நம்பர் என்ன?”

“நம்பரைத்தான் சார் வளைச்சு நெளிச்சு, இங்கிலீஷ்ல ‘பாஸ்’னு படிக்கிற மாதிரி எழுதியிருந்தாங்க.”

“நம்பரைக் கேட்டா பேரைச் சொல்றியேம்மா. நான் எந்த வண்டியைன்னு தேடுறது?”

லூர்துவைப் புதைத்த மண் காய்வதற்குள் அவள் மறுபடியும் போனாள். முன்விளக்கு உடைந்த அதே வண்டி நிலைய வாசலிலேயே நின்றிருந்தது. பழைய பிளேட்டைக் கழற்றிவிட்டு, சட்டம் சொல்லும் அளவில், குழந்தைகூடப் படித்துவிடும் தெளிவில் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். உள்ளே அதன் சொந்தக்காரர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, ஏட்டு பக்கத்தில் நின்று சிரித்தார்.

சகாயமேரி குனிந்தாள். வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து அந்தப் பிளேட்டின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஏட்டு ஓடிவந்தார். “ஏய், நம்பர் பிளேட்டை உடைக்கிறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்!”

“போடுங்க சார்,” என்றாள் அவள். செங்கல் இன்னும் கையில்தான் இருந்தது. “எந்த வண்டியோட பிளேட்டுன்னு கேஸ்ல எழுதணும்ல? இப்ப எழுதுங்க அந்த நம்பரை.”

ஏட்டு திரும்பி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.