எல்லாக் கோடும் தையலக்காவுக்கே

"ஒரே ஆள் ஒரே நேரத்துல எல்லா வீட்டுலயும் எப்படிம்மா இருக்க முடியும்?" மாணவி வரைந்து வந்த படத்தைப் பேராசிரியர் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளம் புகுந்த தெரு அது. அங்கே வசிப்பவர்கள் சொன்ன வெள்ளக் கதைகளைத்தான் மாணவி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கதையில் வரும் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. யார் யாருக்கு உதவினார்களோ, அவர்களுக்கு இடையே ஒரு கோடு. போன மாதம் வரை புள்ளிகள் சிந்திய கடுகாகத் தனித்தனியே கிடந்தன. "கோடு விழலேன்னா டாக்டர் பட்டமும் கிடையாது" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்போது எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்கு ஓடின. அதே தெருவில் தையல்கடை வைத்திருக்கும் தையலக்கா.

"நான் முதல் தடவை கேட்டப்போ தெருக்காரங்க அக்காவை மறந்துட்டாங்களாம் சார். இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்."

"எல்லாருக்குமா?"

"ஆமா சார். பேக்கரிக்காரரை முதுகுல சுமந்து மாடிக்கு ஏத்தினதே அக்காதானாம்."

"அந்த மனுஷன் நூறு கிலோ இருப்பாரே!"

"டிரைவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் தலையில வச்சுக்கிட்டு நீந்தியிருக்காங்க சார். உள்ளே ஒரு முட்டைகூட உடையலையாம்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நட. அந்தத் தெய்வத்தை நேர்லயே பார்த்துடுவோம். பொய்னு தெரிஞ்சுது, உன் ஆய்வு குப்பைக்குத்தான்."

கடையில் தையல் மிஷினுக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. அக்கா எழுந்து நின்றாள். அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை.

"அம்மா, வெள்ளத்துல நீங்க செஞ்ச உதவியெல்லாம்..." பேராசிரியர் கைகூப்பினார்.

அக்காவின் முகம் வெளுத்தது. மாணவியைப் பார்த்தாள்.

"கும்பிடுறவர்கிட்ட பொய் சொல்ல வாய் வரல, கண்ணு. புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டலேன்னு அன்னிக்கு இங்க உட்கார்ந்து அழுதியே, மனசு கேக்கல. ஆண்டவன் மன்னிச்சுக்குவான்னு வீடு வீடாப் போய், 'உங்க கதையில என்னையும் ஒரு ஓரமாச் சேர்த்துக்கோங்க'ன்னு கெஞ்சினேன். ஃப்ரிட்ஜு, முட்டையெல்லாம் அவங்களாப் போட்டது! நான் இந்தத் தெருவுக்குக் குடி வந்ததே போன வருஷம்தான்."

மாணவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பேராசிரியர் கையோடு கொண்டுவந்திருந்த படத்தை மிஷின் மேல் விரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஒரு கோட்டையும் அழிக்காதே. தலைப்புல மட்டும் 'வெள்ளம் வந்தபோது'ங்கறதை அடிச்சிட்டு, 'ஒரு பொண்ணு அழுதபோது'ன்னு எழுது."