ஒரு சொல் திருத்தம்

1934. மலாயாவின் பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீரமுத்து, தம்பி கனகராஜின் ரயில்வே வேலைக்கான ஆங்கில மனுவைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"பேச்சியம்மாளின் ‘யங்கஸ்ட்’ மகன்னு எழுதியிருக்கே. தப்புடா. பிள்ளைங்க ரெண்டு பேருன்னா ‘யங்கர்’. மூணு பேராச்சும் இருந்தாத்தான் ‘யங்கஸ்ட்’ வரும்."

"அப்படியா? அழிச்சிடுங்கண்ணே."

அம்மா பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "மூணு பிள்ளைன்னா அவன் எழுதினது சரியா?"

"சரிதாம்மா. ஏன்?"

"அப்ப அழிக்காதேய்யா." அவள் தரையில் உட்கார்ந்தாள். "கப்பல் ஏறுற அன்னைக்கு மூத்தவனுக்கு அம்மை. ஏத்தமாட்டேன்னுட்டாங்க. உங்க அத்தைகிட்ட விட்டுட்டு வந்தேன். அடுத்த வருசமே கூட்டிக்கலாம்னு இருந்தேன், முடியல. ஊர்லேருந்து வர்றவங்க நல்லா இருக்கான்னு சொல்றாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல."

பிறந்ததிலிருந்து மூத்தவனாகவே வளர்ந்த வீரமுத்து பேனாவைக் கீழே வைத்தான்.

"அண்ணன் பேரு என்னம்மா?"