மூணாம் அடிமை

"மூணாம் அடிமை செத்துட்டான். இன்னொருத்தனை எழுப்புங்க." கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் ஒட்டாவியோ குரல் கொடுத்தார்.

சால்வதோர் நகரத்து அந்த அலுவலகத்தில் யாரும் தலை நிமிரவில்லை. செத்தது ஒரு கம்ப்யூட்டர். எழுதிய புரோகிராம்களைத் தொகுத்துச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளில், கட்டளையிடும் இயந்திரத்துக்கு 'எஜமான்' என்றும் உழைக்கும் ஏழுக்கும் 'அடிமை' என்றும் பெயர்.

அங்கே புரோகிராம் எழுதும் எடிலேனிக்கு மட்டும் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் சுட்டது. அவளுடைய பாட்டிக்குப் பாட்டியை இதே ஊர்த் துறைமுகத்தில்தான் விலை பேசி விற்றார்கள்.

அன்று புதிய பதிப்புக்கு மாறும் நாள். மென்பொருளைச் செய்தவர்களே அந்தச் சொற்களைத் தூக்கிவிட்டு 'கன்ட்ரோலர்', 'ஏஜென்ட்' என்று வைத்துவிட்டார்கள். அலுவலகத்தார் தாங்களாக எழுதிக்கொண்ட கோப்புகளில்தான் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் பழைய பெயர் கிடந்தது. இன்று விட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை, இன்னும் மூன்று வருடம், தொடக்கூட விடமாட்டார்கள். அவற்றையும் மாற்ற எடிலேனி அனுமதி கேட்டாள்.

"மெஷினுக்குள்ள கிடக்குற வார்த்தைம்மா. யாரு பாக்கப் போறா?" என்றார் ஒட்டாவியோ.

"நான் பாக்குறேன் சீஃப். தினமும்."

"ஒண்ணு உடைஞ்சாலும் திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

"திங்கக்கிழமை எதுக்கு? உடைஞ்சா இப்பவே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறேன்."

ஊர் வழக்கப்படி வெள்ளிக்கிழமைக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை ஜோசிமார் திரையை எட்டிப் பார்த்தான்.

"இதை எழுதினவன் கையில கிடைச்சா நாலு அறை விடணும்."

"விடலாம். மொதல்ல வேலை முடியட்டும்."

தேடலில் சிக்காமல் சுருக்கப் பெயராக ஒளிந்திருந்த நான்கு இடங்களுக்கும் அவள் விரல்கள் நேராகப் போய்த் திருத்தின. நாலரை மணிக்கு ஏழு ஏஜென்ட்டுகளும் பச்சை விளக்குக் காட்டின. ஜோசிமார் மேசையைத் தட்டினான்.

ஒட்டாவியோவின் முகம் சுண்டிப்போனது. அவர் இந்த அலுவலகத்துக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது, ஆனால் விதிகள் எல்லாம் மனப்பாடம். ஒப்புதல் தாளைக் கொண்டுவந்து அவள் முன் போட்டார்.

"மொதல்ல எழுதின ஆளு சம்மதிச்சுக் கையெழுத்துப் போடாம ஒரு வரியையும் மாத்தக்கூடாது. ரூல் தெரியும்ல? பதிவுல எழுதினவர் 'பயிற்சி ஊழியர்'னு மட்டும்தான் இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முந்தின ஆளை எங்க போய்த் தேடுவ? அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வரலன்னா எல்லாத்தையும் பழையபடி வச்சிடுவேன்."

எடிலேனி பேனாவை எடுத்தாள். அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"உன் கையெழுத்தை யாரும்மா கேட்டா?"

அவள் எழுந்து நின்று அவர் கண்ணைப் பார்த்தாள்.

"வேலைக்கு வந்த மூணாம் நாள், முடியாதுன்னு சொல்லப் பயந்துகிட்டு அதை எழுதினவளே நான்தான் சீஃப்."