மூன்று முறை அழைத்தோம்

“மறுபடியும் அதேதாங்க. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காராம்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றவனிடம் மனைவி போனை நீட்டினாள். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். கழுத்துப் பட்டையில் அலுவலக அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலில் அக்கா முழங்கால்களில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்துக்கொண்டு வந்தது. இன்ஹேலர் நாலு தடவை உறிஞ்சியும் அடங்கவில்லை.

“கிளினிக்கை ஏழு மணிக்கே மூடிட்டாங்க. அதுக்கப்புறம் கூப்பிட இந்த நம்பரைத்தானே டாக்டர் குடுத்திருக்காரு? எப்பக் கூப்பிட்டாலும் ஊசியோட வர்றேன்னு சொன்ன மனுஷன் எங்கே போய்த் தொலைஞ்சாரோ.”

“அவரைத் திட்டாதே,” என்றான், எண்ணை அழுத்திக்கொண்டே. “போன் சும்மா கிடந்தாலும் பக்கத்து டவருக்கு ‘இங்கேதான் இருக்கேன், இங்கேதான் இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருக்கும். டவர் படுத்துடுச்சுன்னா அதைக் கேட்க ஆளில்லை. அவரு போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. நாம கூப்பிடறதுதான் அவருக்குத் தெரியாது.”

“டேய்... எனக்கு மூச்சு நிக்கப்போகுது... நீ பாடம் நடத்தறே.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பதினெட்டாவது தடவையும் அதே பெண் குரல் அதே நிதானத்தோடு மன்னிப்புக் கேட்டபோது, அவன் பைக்கை எடுத்தான்.

டாக்டர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம்.

அவன் சொன்னபடியேதான் இருந்தார் டாக்டர். மேஜைமேல் போன், பக்கத்தில் அவர். விஷயத்தைக் கேட்டதும், தன் மனைவியின் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மருந்துப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. உள்ளேயிருந்து விசில் சத்தம்தான் கேட்கவில்லை.

டாக்டர் அக்காவின் நெஞ்சில் காது வைத்த மாதிரி வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார்.

“அரை மணி முன்னாடி ஊசி போட்டிருந்தா...”

“பதினெட்டு தடவை கூப்பிட்டோம் டாக்டர்,” என்றாள் மனைவி.

“ஒன்பது நாளா எங்க தெருவுல சிக்னல் செத்துக் கிடக்கும்மா. வீட்டுக்காரி போன் வேற கம்பெனி. அதுலேருந்து தினமும் புகார் கொடுக்கறேன். கூத்தைக் கேளுங்க. போன் வரலைன்னு புகார். அதை விசாரிக்க அதே போனுக்குக் கூப்பிடறாங்க. நான் எப்படி எடுப்பேன்? எடுக்கலைன்னதும் தீர்ந்துபோச்சுன்னு மூடிடறாங்க. நம்பர்ல பாதியை மறைச்சுத்தான் கம்ப்யூட்டர் அவங்களுக்குக் காட்டுமாம், அதனால யாருன்னு தெரியாது, போகட்டும். ‘நான் டாக்டர், நோயாளிங்க கூப்பிடற போன் இது’ன்னு எழுதியிருந்தேனே, அதையாவது படிச்சிருக்கக் கூடாதா?”

சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து நீட்டினார். இன்று மாலை வந்த செய்தி. ‘மூன்று முறை அழைத்தோம். தாங்கள் எடுக்கவில்லை. புகார் தீர்க்கப்பட்டது. தீர்த்த ஊழியர் எண்: 417.’

“ஒன்பது நாளும் இதே ஆளுதான்,” என்றார் டாக்டர். “யாருன்னு மட்டும் தெரிஞ்சா, இங்கே கூட்டிவந்து காட்டுவேன்.”

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை, 417 தெரியாதபடி மெல்லத் திருப்பி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.