அப்பா பேரில் மாநாடு

“உண்மையைச் சொல்லுங்க டாக்டர். அடுத்த வருஷ மாநாடு வரைக்கும் அப்பா இருப்பாரா?”

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நுரையீரல்ல இவ்வளவு பெரிசா தெரியுது. எனக்கு நம்பிக்கை இல்லை. சதை எடுத்து அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வரட்டும்” என்றார்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அங்கே நின்றிருந்த நர்ஸுக்கு மனசு கரைந்துவிட்டது. “பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்” என்று ஆயாவிடம் சொன்னாள்.

மகன், வெல்டிங் பொறியாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். சங்கத்தின் தொழில்நுட்ப மாநாட்டை எந்த ஊர் நடத்துவது என்பதில் வருஷா வருஷம் கிளைகளுக்குள் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். விண்ணப்பம் போட வேண்டும், மண்டபத்தைக் காட்ட வேண்டும், கடைசியில் தலைமையகம் ஓட்டெடுக்கும்.

கப்பல் கட்டும் தளத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று சொல்லியே துறைமுகக் கிளை ஒவ்வொரு தடவையும் மாநாட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இவன் ஊரில் சுற்றிக் காட்ட ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. மாநாடு நடத்தும் செயலாளர்தான் அப்புறம் சங்கத் தலைவராவது வழக்கம் என்பதால், இவனுக்கு ராத்திரி பகலாக அதே நினைப்பு.

அப்பா அந்தக் கிளையைத் தொடங்கியவர். ‘தீப்பொறி’ என்றால் சங்கத்தில் தெரியாதவர் கிடையாது. கண்ணை மூடுவதற்குள் தன் ஊரில் ஒரு மாநாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

அன்று சாயங்காலமே மகன் லேப்டாப்போடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். “அப்பா, இந்தத் தடவை மாநாடே உங்க பேர்லதான். விண்ணப்பத்துல முதல் பக்கத்துலயே போட்டுட்டேன்.”

“எனக்கு எதுக்குடா அதெல்லாம்” என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பு படுத்தாலும் வாய் படுக்காத மனுஷர்.

“வெல்டிங் செயல்விளக்கத்தை மண்டபத்துக்குள்ள வெக்காதே. புகை அலாரம் அடிக்கும், வந்தவன்லாம் பையைக்கூட எடுக்காம ஓடுவான். வெளியில கொட்டகை போடு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆய்வுக் கட்டுரை வேணாம், குறட்டைச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.”

மகன் ஒரு வார்த்தை விடாமல் தட்டிக்கொண்டே வந்தான். பிறகு சொன்னான்: “துவக்க விழாவுல உங்களைப் பத்திப் பேச ‘விரிசல்’ ஒத்துக்கிட்டார்ப்பா.”

விரிசல், துறைமுகக் கிளையின் மூத்த பொறியாளர். யார் போட்ட வெல்டிங்கிலும் ஒரு விரிசலையாவது கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போக மாட்டார். அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

“அவனா? நான் இருக்கற மேடையில கால் வெக்க மாட்டேன்னு சபதம் போட்டவனாச்சேடா.”

“இந்தத் தடவை வரேன்னுட்டார்ப்பா. மனசார நாலு நல்ல வார்த்தை சொல்றேன்னார்.”

“போகட்டும், இப்பவாவது புத்தி வந்துச்சே” என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மகன் முதுகைத் தடவிக்கொடுத்ததை நர்ஸ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டெடுப்பு நாளும் வந்தது. காலையிலிருந்து மகன் போனும் கையுமாக வராந்தாவில் நடை போட்டான். மத்தியானம் சங்கத் தலைவரே கூப்பிட்டார்.

“மாநாடு உங்களுக்குத்தான் செயலாளரே. உங்க அப்பா பேரைச் சொன்னதும் துறைமுகக் கிளை தானாவே விலகிக்கிச்சு. எதிர்த்து ஒரு கை எழும்பலை. தைரியமா இருங்க” என்றார் தலைவர்.

மகன் அறைக்குள் ஓடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவர் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் டாக்டர் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பெரியவரே, ரிசல்ட் வந்தாச்சு. நாங்க பயந்த வியாதியே இல்லை. வெறும் கிருமித் தொற்று, மாத்திரையிலேயே கரைஞ்சிடும். இன்னும் பத்து வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது.”

அப்பா கட்டிலை விட்டு இறங்கி டாக்டரைக் கட்டிக்கொண்டார். நர்ஸ் கண் கலங்கினாள். மகன் மட்டும் பேயறைந்தவன் போல நின்றான்.

“பாவம், சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு” என்றாள் நர்ஸ்.

“ஏன்டா இப்படி நிக்கறே? மாநாடும் கிடைச்சாச்சு, நானும் பொழைச்சாச்சு” என்று அப்பா அவன் தோளைத் தட்டினார். “துவக்க உரை நான்தான் பேசப்போறேன். வீட்டுக்குப் போனதும் எழுத ஆரம்பிக்கணும்.”

மகன் டாக்டரை ஒரு தடவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தான். வந்த அழுகையை அவனால் அடக்க முடியவில்லை.

“நீங்க எப்படிப்பா பேச முடியும்? அது உங்க நினைவு மாநாடு.”