இருட்டறை என்று எழுதியவர்

ஊர் சுற்ற வந்து, தையல்காரியின் வீட்டில் காய்ச்சலோடு படுத்து எழுந்த பயணி, தன் பயணக் கட்டுரையை வாசித்துக் காட்டுகிறார். ஜன்னல் வெயில் தாளில் விழுந்திருக்கிறது. அவள் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டுக் கேட்கிறாள். கத்தரி துணிக்குள் போகும் கரகர சத்தம், அவள் பல்லால் நூலை நறுக்குவது, சேலை மடியில் ஒட்டிய பிசிறு எல்லாம் கட்டுரையில் வருகின்றன. கண்ணை மூடிக் கிடந்த மனிதர் இத்தனையும் எப்போது கவனித்தார் என்று அவளுக்கு மலைப்பாக இருக்கிறது. "அந்த இருட்டறையில்" என்று அவர் வாசித்ததும் அவள் முகம் சுருங்குகிறது.

"போச்சு, நம்ம வீட்டு மானம் கப்பலேறிடுச்சு" என்று பக்கத்திலிருந்த அவள் கணவன் சிரிக்கிறான்.

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, வெளிச்சம் பட்டா உங்களுக்குக் கண்ணு கூசுதேன்னுதான் ஜன்னலைச் சாத்தி வச்சேன். படிக்கிறவங்க நம்ம வீட்டை என்ன நினைப்பாங்க?"

 அந்த இருட்டில் அவள் விரலால் தடவித் தடவித் தைத்த கறுப்புச் சட்டையைப் பயணி பார்க்கிறார். ஒரு தையல்கூடக் கோணவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போகிறார். அவள் கை நீட்டித் தடுக்கிறாள்.

"அடிக்காதீங்க அண்ணே. இருட்டுன்னே இருக்கட்டும். ஜன்னலை ஏன் சாத்துனோம்னு மட்டும் சேர்த்து எழுதிடுங்க."